ராணுவ டிஸ்சார்ஜை உயர்த்தக் கேட்பது எப்படி: அமெரிக்க மறுஆய்வு வாரியத்தின் மேசையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்தின் முழுநேரப் பணியிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு டிடி-214 என்ற ஒரு தாள் கொடுப்பார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால் அதைக் கேட்பார்கள். வீட்டுக்கடன், கல்லூரி உதவித்தொகை, முன்னாள் வீரர் மருத்துவமனை, கடைசியில் ராணுவக் கல்லறையில் ஆறடி நிலம், எல்லாவற்றுக்கும் அதே தாள்தான். அதன் 24-ஆம் கட்டத்தில், அவரது டிஸ்சார்ஜ், அதாவது பணியிலிருந்து விடுவித்தது, எந்தத் தரத்தில் என்று சொல்லும் நாலைந்து சொற்கள் இருக்கும். வெளியே வந்தவரின் மிச்ச வாழ்க்கை எப்படிப் போகும் என்பதில் பாதியை அந்தச் சொற்களே முடிவு செய்துவிடும்.

அந்தச் சொற்களை மாற்றித்தரும்படி கேட்க முடியும். 1944-இல் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குச் சலுகைகள் தரும் ஜி.ஐ. பில் சட்டம் வந்தபோதே டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியங்களுக்கும் அதே சட்டத்தில் இடம் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ‘நீல டிஸ்சார்ஜ்’ என்று ஒன்று இருந்தது. ஹானரபிளும் (மரியாதைக்குரியது) இல்லை, டிஸ்ஹானரபிளும் (அவமதிப்புக்குரியது) இல்லை. நீலத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கறுப்பின வீரர்களுக்கும் ஒருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கும் அது அளவுக்கு மிஞ்சிப் போய்ச் சேர்ந்தது. 1947-இல் அந்த நீலச் சீட்டு ஒழிந்தது. அது கிளப்பிய கேள்வி ஒழியவில்லை.

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008-இல் அறிவித்து 2016 வரை ஆள் எடுத்த ‘மாவ்னி’ என்ற திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாமலேயே சில மொழிகள் தெரிந்தவர்களை ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ராணுவச் சேவையின் பேரில் குடியுரிமை வாங்கியவர் ஐந்து வருட நற்சேவையை முடிப்பதற்குள் ‘அதர் தேன் ஹானரபிள்’ (மரியாதைக்குரியது அல்ல) என்று வெளியேற்றப்பட்டால், அந்தக் குடியுரிமையையே திரும்பப் பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே சிலருக்கு 24-ஆம் கட்டத்துச் சொல் பாஸ்போர்ட் விவகாரமும்கூட.

கோப்பைப் பிரித்துப் படிக்கிறவரின் மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் விண்ணப்பம் உருப்படியாக அமையும். அதனால் அந்தப் பக்கமாகவே நின்று சொல்லிக்கொண்டு போகிறேன். வசதிக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 19 வயதில் தரைப்படையில் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போனார். முதல் மூன்று வருடம் கோப்பில் ஒரு கறை கிடையாது, பதக்கம்கூட உண்டு. இரண்டாம் முறை திரும்பி வந்த நான்கு மாதத்தில் காலை அணிவகுப்புக்குத் தாமதம்; பிறகு சார்ஜெண்டிடம் வாக்குவாதம்; பிறகு சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா. ‘அதர் தேன் ஹானரபிள்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரை நமது வீரர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கையில் இருப்பது எந்த டிஸ்சார்ஜ்?

நிர்வாக வழியில் கொடுப்பவை, மேலிருந்து கீழாக, மூன்று: ஹானரபிள், ஜெனரல், அதர் தேன் ஹானரபிள். ராணுவ நீதிமன்றம் தண்டனையாகக் கொடுப்பவை இரண்டு: பேட் கான்டக்ட் (தீய நடத்தை), டிஸ்ஹானரபிள். டிஸ்ஹானரபிளை ஜெனரல் கோர்ட் மார்ஷல் எனப்படும் மேல்நிலை ராணுவ நீதிமன்றம் மட்டுமே கொடுக்க முடியும். பயிற்சிக் காலத்திலேயே வெளியேறியவர்களுக்குப் பெரும்பாலும் தரம் எதுவும் குறிக்காத டிஸ்சார்ஜ் ஒன்று தருவார்கள்.

ஜெனரல் என்றால் பரவாயில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஜி.ஐ. பில் கல்வி உதவிக்கு முழு ஹானரபிள் வேண்டும், ஜெனரல் போதாது. படிக்கும் எண்ணம் இருப்பவர் அந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பிக்கலாம்.

24-ஆம் கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 26-இல் வெளியேற்றக் குறியீடு, 27-இல் மறுபடி சேரலாமா என்பதற்கான குறியீடு, 28-இல் வெளியேறிய காரணம் இருக்கும். ‘ஒழுங்கீனம், போதைப்பொருள்’ என்றோ ‘ஆளுமைக் கோளாறு’ என்றோ 28-இல் இருந்தால், 24-இல் ஹானரபிள் என்று மாறிய பிறகும் முதலாளி கண்ணில் படப்போவது அதுதான். காரணத்தையும் மாற்றக் கேளுங்கள். கேட்க மறந்துவிட்டு, தரம் மட்டும் உயர்ந்து, பழைய காரணத்தோடு திரும்ப வந்தவர்கள் உண்டு. இந்தக் கட்டங்கள் டிடி-214-இன் சுருக்கப் பிரதியில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது ‘மெம்பர்-4’ என்று கீழே அச்சான நீளப் பிரதி.

இங்கேயே ஒரு கட்டுக்கதையைத் தீர்த்துவிடலாம். ‘ஆறு மாதம் போனால் டிஸ்சார்ஜ் தானாக உயர்ந்துவிடும்’ என்று வெளியேறும் நாளில் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அப்படி எதுவும் நடக்காது. விண்ணப்பம் போடாமல் யாருடைய தாளும் மாறுவதில்லை. ஒரே விதிவிலக்கு மாதிரி சொல்லக்கூடியது, ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் அதை வெளிப்படுத்தத் தடை போட்ட ‘கேட்காதே, சொல்லாதே’ கொள்கையால் வெளியேற்றப்பட்டவர்களின் கோப்புகளைப் பாதுகாப்புத் துறை தானே எடுத்துப் பார்த்தது. 2024 அக்டோபரில் 800-க்கும் மேற்பட்டோருக்கு அப்படி ஹானரபிள் கிடைத்தது.

இரண்டாம் படி: எந்தக் கதவு?

கதவுகள் இரண்டு. ஒன்று டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம், படிவம் டிடி-293. வெளியேறி 15 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜெனரல் கோர்ட் மார்ஷல் கொடுத்த டிஸ்சார்ஜை இது தொடவே தொடாது. அதற்குக் கீழ்நிலை நீதிமன்றமான ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் கொடுத்த பேட் கான்டக்டைக் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும்.

இன்னொன்று ராணுவப் பதிவுத் திருத்த வாரியம், படிவம் டிடி-149. சிவிலியன்கள் அமர்ந்து முடிவெடுக்கிற இடம். 15 வருடம் தாண்டியவர்கள், மேல்நிலை நீதிமன்றத் தண்டனை பெற்றவர்கள், மருத்துவ ஓய்வாக மாற்றக் கேட்பவர்கள் இங்கே வர வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்பது இங்கே கெடு. நியாயம் அதைக் கோரினால் வாரியம் கெடுவைத் தளர்த்தலாம், தளர்த்தவும் செய்கிறது. அதனால் வியட்நாம் காலத்துப் பெரியவர் ஒருவர் இன்றைக்குக் கேட்டாலும் காலம் கடந்துவிட்டது என்று நீங்களே அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

முதல் கதவு திறந்திருக்கும் வரை இரண்டாவது உங்களை அங்கேதான் போகச் சொல்லும். மாலுமிகளுக்கும் மரீன்களுக்கும் கடற்படை வாரியம் ஒன்றே. விண்வெளிப் படைக்கு விமானப்படையின் வாரியம். கடலோரக் காவல் படைக்குத் தனி வாரியம். அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. விண்ணப்பதாரர் இறந்துவிட்டால் மனைவியோ கணவரோ வாரிசோ விண்ணப்பிக்கலாம்.

கிளறினால் இன்னும் மோசமாகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மறுஆய்வு வாரியம் இருக்கும் தரத்தைவிடக் கீழே இறக்க முடியாது. விதியிலேயே இருக்கிறது.

மூன்றாம் படி: கோப்பை வரவழையுங்கள், பிறகு எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதிய விண்ணப்பம் எடுபடுவதில்லை. வாரியத்தின் மேசையில் உங்கள் ராணுவக் கோப்பு ஏற்கெனவே இருக்கும். நீங்கள் ‘ஒரு தடவைதான் தப்பு செய்தேன்’ என்று எழுதுவீர்கள். அங்கே நான்கு எச்சரிக்கைத் தாள்கள் உங்கள் கையெழுத்தோடு கிடக்கும். அந்த இடத்திலேயே உங்கள் மற்ற வார்த்தைகளும் மதிப்பிழந்துவிடும்.

எஸ்எஃப்-180 படிவத்தாலோ இணையம் வழியாகவோ செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்திடம் முழுக் கோப்பையும் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் வராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘செபரேஷன் பேக்கெட்’ எனப்படும் வெளியேற்றக் கட்டு. உங்களை ஏன் அனுப்பினார்கள், எந்தப் பிரிவின் கீழ், உங்களுக்கு என்ன நோட்டீஸ் கொடுத்தார்கள், வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையைச் சொன்னார்களா, கமாண்டர் எந்தத் தரத்தைப் பரிந்துரைத்தார், மேலதிகாரி எதைக் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பரிந்துரைத்தது ஜெனரல், கொடுத்தது அதர் தேன் ஹானரபிள் என்று சில கோப்புகளில் காணலாம். அது ஒரு வாதம்.

பழைய வீரர்களுக்கு ஒரு சிக்கல். 1973 ஜூலை 12 அன்று அந்தக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை எரிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. கோப்பு இல்லை என்ற பதில் வந்தால் அந்தப் பதிலையே இணைத்து, குடும்பத்தில் இருக்கும் கடிதங்கள், புகைப்படங்கள், கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம் என்று நீங்களே ஒரு கோப்பைக் கட்ட வேண்டியதுதான்.

கோப்பு வந்து சேர மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் வாரியங்களின் பழைய முடிவுகளைப் படியுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற குற்றச்சாட்டு, உங்களைப் போன்ற காலம், உயர்த்திக் கொடுத்த முடிவு என்று நாலைந்து கிடைத்தால் போதும். இந்த விஷயத்தில் இதைவிடச் சிறந்த பாடநூல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காசும் கிடையாது.

நான்காம் படி: வாரியம் கேட்கும் இரண்டு கேள்விகள்

மறுஆய்வு வாரியத்தின் குழுவில் குறைந்தது மூன்று பேர், வழக்கமாக ஐந்து பேர். பெரும்பான்மை வாக்கில் முடிவு. அவர்கள் உட்காரும்போதே ஓர் எண்ணத்தோடுதான் உட்காருகிறார்கள்: அரசு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். இது முறைமை குறித்த அனுமானம். சட்டமே கொடுத்த தொடக்கப்புள்ளி. அதைப் புரட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ‘என் குடும்பம் கஷ்டப்படுகிறது, கருணை காட்டுங்கள்’ என்று நான்கு பக்கம் எழுதினால் படிக்கிறவர் மனம் இளகலாம். ஆனால் முடிவு எழுதும்போது அவர் நிரப்ப வேண்டிய கட்டங்களில் ஒன்றுகூட நிரம்பாது.

அந்தக் கட்டங்கள் இரண்டு. டிஸ்சார்ஜ் முறைப்படி நடந்ததா? டிஸ்சார்ஜ் நியாயமானதா?

முறை என்பது சட்டம், விதி, நடைமுறை. பிழை இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பிழையால் உங்களுக்குப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். ஆறு வருடமும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கோ, அதர் தேன் ஹானரபிள் கொடுக்க நினைக்கும் எவருக்குமோ, நிர்வாக விசாரணைக் குழுவின் முன் நின்று பேசும் உரிமை உண்டு. அந்த உரிமையைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கியிருந்தால் அது பிழை. நமது வீரரின் கோப்பில் தேட வேண்டிய இன்னொன்று: 2009-இல் வந்த சட்டப்படி, வெளிநாட்டுப் போர்ப்பணிக்குப் போய் வந்து 24 மாதத்துக்குள் இருப்பவர், பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) அல்லது மூளைக்காயம் கண்டறியப்பட்டவர் அல்லது தனக்கு இருப்பதாக நியாயமான காரணத்தோடு சொல்பவர் என்றால், அதர் தேன் ஹானரபிளில் அனுப்புவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அவர் திரும்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெளியேறும் முன் நிரப்பிய நலக்கேள்வித்தாளில் ‘தூக்கம் வரவில்லை, கெட்ட கனவுகள்’ என்று அவர் டிக் அடித்திருக்கிறார். பரிசோதனைத் தாளோ கோப்பில் இல்லை. கருணைக் கடிதத்தின் நான்கு பக்கத்தைவிட அந்த ஒரு டிக் கனமானது.

நியாயம் என்பது அகலமான கட்டம். இன்றைய கொள்கை அன்றையதைவிட மாறியிருந்து, இன்றைக்கு என்றால் இதே தரம் கிடைத்திருக்குமா என்று சந்தேகம் எழுந்தால் அது ஒரு வழி. அதே தப்பைச் செய்த மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதல் தண்டனை என்றால் அது இன்னொன்று. மூன்றாவது, சேவையின் தரமும் சேவை செய்ய முடிந்த நிலையும்: பதக்கங்கள், பாராட்டுக் கடிதங்கள், போர்முனை, காயம், எத்தனை வருடம் என்பது ஒரு பக்கம், உடல்நலம், குடும்பத்தில் சாவு, வீட்டுப் பிரச்சினை, இனப்பாகுபாடு, மேலதிகாரியின் தன்னிச்சையான போக்கு இன்னொரு பக்கம்.

விண்ணப்பத்தில் உங்கள் வாதங்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் முடித்து எழுதுங்கள். நீங்கள் முறையாக எழுப்பிய ஒவ்வொரு வாதத்துக்கும் வாரியம் பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தின் நடுவில் எங்கோ புதைத்து வைத்த வாதத்துக்கு அந்தக் கட்டாயம் வருவதில்லை.

ஐந்தாம் படி: மனக்காயம் இருந்தால்

பெரும்பாலான கோப்புகள் நின்று விழும் இடம் இதுதான். பொறுமையாகவே பார்ப்போம்.

பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980-இல். வியட்நாமிலிருந்து 1970-இல் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவனுக்கு அன்றைக்கு நோயின் பெயர்கூட இல்லை. ‘ஒழுங்கில்லாதவன்’ என்ற பெயர் மட்டும் இருந்தது. 2014 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் சக் ஹேகல், இப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைத் ‘தாராளமாகப் பரிசீலிக்க’ வேண்டும் என்று உத்தரவு போட்டார். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த கர்ட்டா குறிப்பாணை அதை விரித்தது: பிடிஎஸ்டி மட்டுமல்ல, மூளைக்காயம், மற்ற மனநலக் கோளாறுகள், பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை எல்லாம் அதற்குள் வந்தன. 2018 ஜூலையின் வில்க்கி குறிப்பாணை, நோய் இல்லாதவர்களுக்கும் நியாயம், கருணை அடிப்படையில் எப்படி முடிவெடுப்பது என்று சொன்னது.

கர்ட்டா குறிப்பாணை வாரியத்தின் கையில் நான்கு கேள்விகளைக் கொடுத்திருக்கிறது. தவறை மன்னிக்கவோ தணிக்கவோ கூடிய நோயோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது ராணுவத்தில் இருந்தபோது இருந்ததா? அது உண்மையில் இந்தத் தவறைத் தணிக்கிறதா? அப்படியென்றால் அது இந்த டிஸ்சார்ஜைவிடக் கனமானதா?

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வது இப்போது முன்போலக் கடினமில்லை. விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலம் மட்டுமேகூட நோய் இருந்ததற்குச் சான்றாகலாம் என்று குறிப்பாணை சொல்கிறது. முன்னாள் வீரர் நலத் துறை, அதாவது விஏ, ‘சேவையால் வந்த பிடிஎஸ்டி’ என்று ஏற்றிருந்தால் அது வலுவான சான்று. உரிமம் பெற்ற உளவியலாளரின் கடிதமும் அப்படியே. பாலியல் வன்முறையில் புகார் இல்லை என்பதே வழக்கம். அதனால் மறைமுகத் தடயங்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்: திடீரென்று இடமாற்றம் கேட்டது, வேலையில் சரிவு, குடி, காரணம் தெரியாத பதற்றம், கர்ப்பப் பரிசோதனை, அம்மாவுக்கு எழுதிய கடிதம். பிடிஎஸ்டியோ மூளைக்காயமோ சொல்லும் போர்ப்பணி வீரரின் கோப்பை மறுஆய்வு வாரியம் பார்க்கும்போது, குழுவில் ஒரு உளவியலாளரோ மனநல மருத்துவரோ அந்தத் துறையில் பயிற்சி பெற்ற மருத்துவரோ இருக்க வேண்டும்.

கவிழ்ப்பது மூன்றாவது கேள்வி. ‘எனக்குப் பிடிஎஸ்டி இருந்தது, ஆகவே உயர்த்துங்கள்’ என்று எழுதுகிறவர்கள் நடுவில் இருக்க வேண்டிய பாலத்தைக் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். எந்த அறிகுறி எந்தத் தவறை உண்டாக்கியது? நமது வீரர் விஷயத்தில்: தூங்க முடியவில்லை, விடியற்காலை நான்கு மணிக்குக் கண்ணயர்ந்தால் ஆறு மணி அணிவகுப்புக்குத் தாமதம். எரிச்சலும் எப்போதும் உஷாராக இருக்கும் உடலும், ஆகவே சார்ஜெண்டிடம் வெடிப்பு. கனவுகளை அணைக்கக் கஞ்சா. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் தேதி. சொல்லாமல் முகாமைவிட்டு ஓடிப்போன வழக்குகளில், நினைவூட்டும் இடத்தைத் தவிர்க்கும் அறிகுறியோடு அது பொருந்தும். ஆனால் திட்டமிட்ட திருட்டு, மோசடிக் கணக்கு, வன்முறை என்றால் பாலம் கட்டுவது கடினம். முன்கூட்டித் திட்டமிட்ட தவறை நோய் பொதுவாக மன்னிப்பதில்லை என்று அதே குறிப்பாணை சொல்கிறது. அப்படிப்பட்ட கோப்பில் நோயைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, வில்க்கி குறிப்பாணையின் வழியில், தவறு செய்தபோது இருந்த வயது, கடந்துபோன வருடங்கள், அதன் பிறகான வாழ்க்கை ஆகியவற்றை வைத்துக் கேட்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

உளவியலாளரிடம் கடிதம் வாங்கும்போது ‘இவருக்கு நோய் இருக்கிறது’ என்று மட்டும் வாங்காதீர்கள். உங்கள் வெளியேற்றக் கட்டை அவரிடம் படிக்கக் கொடுத்து, குறிப்பிட்ட தவறுகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்விக்கு வரும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஹானரபிள் என்பதற்குக் குறையே இல்லாத சேவை தேவையில்லை. இதையும் அந்தக் குறிப்பாணையே ஒப்புக்கொள்கிறது. மேற்கோள் காட்டத் தயங்காதீர்கள்.

ஆறாம் படி: கடிதமும் சாட்சிகளும்

மூன்று நான்கு பக்கம் போதும். முதல் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்: 24-இல் ஹானரபிள், 28-இல் ‘செயலாளர் அதிகாரம்’ என்ற நடுநிலையான காரணம், அதற்கேற்ற குறியீடுகள். பிறகு நல்ல வருடங்கள், உடைந்த இடம், தவறுகள், பாலம், இன்றைய நிலை. தவறை ஒப்புக்கொள்ளுங்கள். வாரியம் எடைபோடும் விஷயங்களில் விண்ணப்பதாரரின் நேர்மையும் ஒன்று. பழைய சார்ஜெண்டைத் திட்டுவதற்கு வேறு இடம் பாருங்கள்.

சாட்சிக் கடிதங்களில் ‘நல்ல மனிதர், கடின உழைப்பாளி’ என்று பத்து பேர் எழுதியதைவிட, கூட முகாமில் இருந்த ஒருவர் ‘அந்த மார்ச் மாதத்துக்கு அப்புறம் இவன் தூங்கி நான் பார்த்ததில்லை’ என்று எழுதிய ஒன்று மேல். மனைவி, அம்மா, அண்ணன் எழுதலாம். போவதற்கு முன் எப்படி இருந்தார், வந்த பிறகு எப்படி இருந்தார் என்பதை அவர்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. கல்லூரி மதிப்பெண், வேலைச் சான்று, போலீஸ் பதிவு இல்லை என்ற சான்று, குடியை விட்டதற்கான சிகிச்சைத் தாள், எல்லாம் இணைப்பில். இணைப்புகளுக்கு எண் போட்டு, கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். மூலப் பிரதிகளை அனுப்பாதீர்கள்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகள் இலவசமாக உதவுவார்கள். பல சட்டக் கல்லூரிகளில் முன்னாள் வீரர்களுக்கான கிளினிக்குகள், அதாவது சட்ட உதவி மையங்கள், உண்டு. யேல் சட்டக் கல்லூரியின் கிளினிக் இந்தத் துறையில் பெரிய வழக்குகளையே நடத்தியிருக்கிறது. பணத்தை முன்கூட்டிக் கேட்டு வெற்றி உறுதி என்பவரை விட்டு விலகுங்கள்.

ஏழாம் படி: நேரில் பேசலாமா?

மறுஆய்வு வாரியத்திடம் தாள்களை மட்டும் பார்க்கச் சொல்லலாம், அல்லது விசாரணை கேட்கலாம். முதலில் தாள் பரிசீலனை கேட்டு, மறுத்துவிட்டால் விசாரணை கேட்கலாம், தலைகீழாக முடியாது. இரண்டு வாய்ப்பு இருக்கும்போது ஒன்றை ஏன் விட வேண்டும் என்பதால் பலரும் தாளிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் விசாரணைக் கோரிக்கையும் அந்த 15 வருடத்துக்குள் வர வேண்டும். 14-ஆம் வருடத்தில் விழித்துக்கொண்டவர் நேராக விசாரணையே கேட்பது நல்லது.

இப்போது பெரும்பாலும் வீடியோ வழியாகவே நடக்கிறது. சாட்சியை அழைத்துவரலாம். கேள்வி கேட்பார்கள், பழைய காயத்தைத் தொடும் கேள்விகளும் வரும். மனநல ஆலோசகரிடம் அன்றைக்குப் பிற்பகலில் நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லித்தருவதில்லை.

காத்திருக்கும்போதே: விஏ கதவு

வாரியம் பதில் சொல்ல ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மருத்துவம் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. விஏ தனியாகத் தன் சொந்தக் கண்ணால் உங்கள் டிஸ்சார்ஜைப் பரிசீலிக்கும். டிடி-214-இல் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் சிகிச்சைக்கும் ஊனத் தொகைக்கும் கதவு திறக்கலாம். இதற்கான விதிகளை 2024 ஜூனில் தளர்த்தினார்கள். அதர் தேன் ஹானரபிள் என்று தாளைக் காட்டியதும் வரவேற்பு மேசையில் ‘உங்களுக்குத் தகுதியில்லை’ என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, முடிவை எழுத்தில் கேளுங்கள். போர்ப்பணியில் இருந்தவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அந்தத் தரத்தோடேயே மனநலச் சிகிச்சை பெறத் தனிச் சட்டம் உண்டு. இரவில் முடியாமல் போனால் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை அழைத்து 1 அழுத்துங்கள். அங்கே யாரும் டிஸ்சார்ஜ் தரத்தைக் கேட்க மாட்டார்கள்.

விஏ பிடிஎஸ்டியை ஏற்றுக்கொண்டால் அந்த முடிவையே எடுத்துக்கொண்டுபோய் வாரியத்தில் இணைக்கலாம் என்பதால், இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்குவது நல்லது.

முடிவு வந்த பிறகு

உயர்த்திவிட்டால் புதிய டிடி-214 அனுப்புவார்கள். அதை உடனே விஏவுக்குக் கொடுங்கள். அவர்களுக்குத் தானாகத் தெரியாது. பழைய தாளை உங்கள் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மறுத்துவிட்டால் முடிவுக் கடிதத்தை ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டுப் படியுங்கள். ஏன் என்று எழுதியிருப்பார்கள். ‘நோய்க்கும் தவறுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை’ என்று இருந்தால் அடுத்து என்ன தேட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. விசாரணை மிச்சமிருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் திருத்த வாரியத்துக்குப் போங்கள். திருத்த வாரியங்கள் 90 சதவீத விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும் எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அவர்களும் மறுத்தால், முன்பு பார்க்காத புதிய சான்றோடு எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை கேட்கலாம். 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ வெளியேறியவர்களுக்குத் திருத்த வாரியத்துக்கும் மேலே டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டு வாரியம் என்று ஒன்று உண்டு. மறுப்புக் கடிதத்திலிருந்து 365 நாட்களுக்குள் போக வேண்டும். பிறகு மத்திய நீதிமன்றம்.

பல வருடம் முன்பே மறுக்கப்பட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மனநலக் கோப்புகளைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று தொடுத்த இரண்டு கூட்டு வழக்குகள் சமரசத்தில் முடிந்தன: தரைப்படைக்கு எதிரான கென்னடி வழக்கு 2021-இல், கடற்படைக்கு எதிரான மான்கர் வழக்கு 2022-இல். குறிப்பிட்ட காலத்துக்குள் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் சிலவற்றை வாரியங்களே திரும்ப எடுத்துப் பார்த்தன. சிலருக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் போனது. விண்ணப்பித்த காலத்து வீட்டு முகவரியில் நீங்கள் இப்போது இல்லையென்றால், அந்தக் கடிதம் யார் வீட்டு வாசலில் விழுந்ததோ. வாரியத்தைத் தொடர்புகொண்டு, உங்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.